செவ்வாய், வியாழன், பின்னேரம் மூன்று மணி

கேள்வி கேட்கிற பிள்ளைதான் முன்னேறும் என்று யாராவது மேடையேறிப் பேசினால் நான் செருப்பைத் தேடுவேன். பள்ளிக்கூட வாழ்க்கையில் நான் உருப்படியாக ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அதற்குச் சரியான பதிலையும் நானே கண்டுபிடித்தேன். அந்தப் பதிலைச் சபையில் சொன்ன நாளிலிருந்து என் வீட்டில் எனக்கு மரியாதை கிடையாது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள ஒரு இறப்பர் தோட்டத்துப் பாடசாலையில் நான் பத்தாம் வகுப்பு. வகுப்பில் முதலாம் பிள்ளை. எப்படி முதலாம் பிள்ளை என்றால், புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை பாடமாக்கிவிடுவேன். கேள்வியின் முதல் இரண்டு சொல்லைப் பார்த்தால் போதும், பதில் முற்றுப்புள்ளியோடு வந்து விழும். (கேள்வியின் மீதிச் சொற்களை நான் வாசித்ததே இல்லை. சில பரீட்சைகளில் வாசித்திருக்கலாம்.)

அந்த வருடம் வலயக் கல்வி அலுவலகம் எங்கள் பாடசாலைக்கு ஒரு கம்ப்யூட்டர் தந்தது. தந்தது என்று சொல்லக்கூடாது, வைத்துப் பார்க்கச் சொன்னது. பிள்ளைகள் அதைக்கொண்டு ஒரு செயற்றிட்டம் செய்ய வேண்டும். அலுவலகத்திலிருந்து வந்து பார்ப்பார்கள். திருப்தி என்றால் கம்ப்யூட்டர் எங்களுக்கே. இல்லையென்றால் டவுனில் உள்ள பெரிய பாடசாலைக்குப் போய்விடும். அங்கே ஏற்கனவே ஓர் அறை நிறைய கம்ப்யூட்டர் இருந்தது.

அது போய்விடக்கூடாது என்று நான் கும்பிடாத சாமி இல்லை. என் அக்கா பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் போய் நின்றாள். தீபாவளிக்கு வந்தால் கால் வீங்கியிருக்கும். கம்ப்யூட்டர் தெரிந்தால் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்கு அந்த உட்காருவதுதான் வேண்டியிருந்தது.

எங்கள் அதிபர் கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது என்பதில் உறுதியாக இருந்தார். கேகாலையில் எந்த பேங்குக்குப் போனாலும் கம்ப்யூட்டர் இருக்கிறது, கூடவே ஏசியும் இருக்கிறது, ஆகவே ஏசி இல்லாமல் கம்ப்யூட்டர் உயிர்வாழாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. இரத்தினபுரியில் அவருக்குத் தெரிந்த மாணிக்கக்கல் முதலாளி ஒருவர் புது வீடு கட்டிக்கொண்டு பழைய வீட்டு ஏசியைக் கழற்றி வைத்திருந்தார். அதிபர் போய்ப் பேசினார். ஏசி லொறியில் வந்தது. முதலாளிக்கு மாலை போட்டோம், ஏசிக்கும் ஒரு மாலை போட்டோம்.

சாமான் அறையைக் காலிசெய்து, ஜன்னலுக்குச் சாக்கும் பொலித்தீனும் அடித்து, கம்ப்யூட்டருக்குச் சந்தனப்பொட்டு வைத்து, ஏசியைச் சுவரில் ஏற்றினார்கள். அதைப் போட்டால் லொறி மேடேறுகிற சத்தம் கேட்கும். வகுப்பு செவ்வாயும் வியாழனும் பின்னேரம் இரண்டு மணிக்கு. வகுப்பு மொனிட்டர் என்ற முறையில் சாவி என்னிடம். நான்தான் முதலில் போய் ஏசியைப் போட்டு அறையைக் குளிராக்கி வைக்க வேண்டும். வெளியே உடம்பு பிசுபிசுக்கிற வெயில், உள்ளே நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்குவோம். ஒரு மணி நேரம் நடுங்கி முடிகிற நேரத்தில் கரண்ட் போய்விடும். எங்கள் தலையெழுத்தைப் பாருங்கள், ஒவ்வொரு வகுப்பிலும் அதே மூன்று மணிக்குத்தான் போகும்.

கம்ப்யூட்டர் படிப்பித்தவர் குணா சேர். இளைஞர், கணித ஆசிரியர், நல்ல மனிதர். செயற்றிட்டம் செய்வது எப்படி என்று கேகாலையில் நடந்த கருத்தரங்குக்குப் போய்வந்திருந்தார். கருத்தரங்கு முழுக்கச் சிங்களத்தில் நடந்து, தேநீர் இடைவேளையில் தமிழில் சுருக்கம் சொன்னார்களாம். அந்தச் சுருக்கத்தின் சுருக்கத்தை அவர் எங்களுக்குச் சொன்னார். செயற்றிட்டம் என்றால் முதலில் ஒரு ஆய்வு வினா வேண்டும். அதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியக்கூடாது. பதில் புத்தகத்தில் இருக்கக்கூடாது. முக்கியமாக, கேட்கிறவருக்கே பதில் தெரிந்திருக்கக்கூடாது.

எனக்குத் தலை சுற்றியது. பதில் தெரியாத கேள்வியை எதற்கு ஒருவர் கேட்க வேண்டும்? பத்து வருடப் படிப்பில் கேள்வியும் பதிலும் புருஷன் பெண்சாதிபோல ஒன்றாகத்தான் வந்திருக்கின்றன. கேட்கிற சேருக்கு எப்போதும் பதில் தெரியும், நமக்குத் தெரியுமா என்று பார்ப்பதற்காகத்தான் கேட்கிறார். இப்போது சேருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்றால் பிரம்பு யார் கையில் இருக்கும்?

செயற்றிட்டக் குழுவில் நானும் முத்துக்குமாரும். அவன் படிப்பில் சுமார், சித்திரத்தில் கெட்டிக்காரன். நான் முதலில் எழுதிக் கொடுத்த கேள்வி, கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவர் யார். புத்தகத்தில் இருக்கிறது என்று சேர் வெட்டினார். கம்ப்யூட்டரால் மனிதனுக்குப் பயன் உண்டா என்று எழுதினேன். உண்டு, முடிந்தது, அடுத்தது என்றார். இறப்பர் மரத்தில் பால் எப்படிச் சுரக்கிறது என்று எழுதினேன். விஞ்ஞானப் புத்தகம், எட்டாம் அத்தியாயம் என்று பக்கத்தைக்கூடச் சொன்னார். முத்துக்குமார் கடவுள் இருக்கிறாரா என்று எழுதியிருந்தான். சேர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, அலுவலகத்தார் வருவதற்குள் முடிகிற வேலையாகச் சொல் என்றார். நாட்டில் சண்டை ஏன் முடியவில்லை என்று அவன் அடுத்து எழுதினான். சேருக்கு முகம் வெளுத்துவிட்டது. தாளைக் கிழித்து, கிழித்ததை மறுபடியும் கிழித்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நாட்கள் போயின. எனக்குச் சோறு இறங்கவில்லை. எந்தக் கேள்வியை எடுத்தாலும் பின்னாலேயே பதில் ஓடிவந்தது. அறிவு கூடிப்போனால் இப்படியெல்லாம் வருத்தம் வரும் என்று நினைத்துக்கொண்டேன். (அந்த வயதில் அப்படித்தான் நினைத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.)

ஒரு வியாழக்கிழமை வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்து, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் மூலையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா அப்போதுதான் வெறுங்குடத்தோடு உள்ளே வந்தார். எங்கள் அம்மாவும் இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். விடியலில் மலைக்குப் போய்ப் பாலைக் கொடுத்துவிட்டு வரும்போது முடியில், சட்டையில், நகக்கண்ணில் எல்லாம் பால் காய்ந்து பிசினாக ஒட்டியிருக்கும். மூன்று மணிக்குக் கீழே கிணற்றடியில் பம்ப் போட்டால்தான் லயத்துப் பைப்பில் தண்ணீர் வரும், குளிக்க முடியும். கரண்ட் போனால் பம்ப் இல்லை. பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு சறுக்கல் பாதையில் ஓடைக்கு இறங்க வேண்டும். அன்றைக்கும் கரண்ட் போயிருந்தது.

ஏன் அழுகிறாய் என்று கேட்டார். கேள்வி கிடைக்கவில்லை, கேள்வி இல்லாவிட்டால் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்விடுவார்கள் என்றேன்.

"கேள்விதானே? நான் தாரேன், எழுதிக்க. எந்தப் பாவி இப்புடி நேரம் பார்த்து கரண்ட நிப்பாட்டுறான்னு கேளு. அந்தக் கை வெளங்காமப் போகணும்."

நான் அழுகையை நிறுத்தினேன். இதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. புத்தகத்தில் இல்லை. எனக்கும் தெரியாது. அம்மாவைக் கட்டிப்பிடித்து, காய்ந்த பாலில் என் தலைமுடி ஒட்டிக்கொண்டு, அதற்கும் ஏச்சு வாங்கினேன்.

குணா சேர் துள்ளிக் குதித்தார். பாவியை மட்டும் எடுத்துவிட்டு வினாவைச் செப்பனிட்டோம். 'எமது தோட்டத்தில் பிற்பகல் வேளையில் மின்சாரம் தடைப்படுவதற்கான காரணம் யாது?' அதற்குக் கீழே துணை வினாக்கள். எந்தக் கிழமை போகிறது, எத்தனை மணிக்குப் போகிறது, யாருக்குப் பாதிப்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தகவல் திரட்ட நானும் முத்துக்குமாரும் லயம் லயமாகப் போனோம். தோட்டத்தில் யாராவது தாளும் பேனையுமாக வாசலில் வந்து நின்றால் ஒன்று ஏதோ கொடுக்க வந்திருக்கிறார்கள், இல்லையென்றால் எதையோ பிடுங்க வந்திருக்கிறார்கள். கரண்ட் பற்றிக் கேட்டதால் நாங்கள் இரண்டாவது வகை என்று முடிவுசெய்துவிட்டார்கள். பாதி வீடுகளில் கரண்ட் பக்கத்து வீட்டு வயரிலிருந்து தொற்றிக்கொண்டு வந்ததுதான். ஒரு வீட்டில் அக்கா, எங்களுக்குக் கரண்டே இல்லை, குப்பி லாம்புதான் என்று சத்தியம் செய்தார். உள்ளே டீவியில் நாடகக்காரி ஓவென்று அழுதுகொண்டிருந்தாள். அவள் யார் என்று முத்துக்குமார் கேட்டான். மாமியார் என்றார்.

ஆகவே சனங்களை விட்டுவிட்டு, கரண்ட் போகிற நாளையும் நேரத்தையும் நாங்களே கலண்டரில் குறித்தோம். குறித்ததையெல்லாம் வகுப்பு நாளில் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். (பாதுகாத்து வைப்பதற்குள் கரண்ட் போய் எல்லாம் அழிந்து, முதலிலிருந்து ஏற்றிய கதை தனி.) ஒருநாள் குணா சேர் ஒரு பொத்தானை அமுக்கச் சொன்னார். திரையில் வரைபடம் எழும்பியது. திங்கள், புதன், வெள்ளி தரையோடு தரையாக இருந்தன. செவ்வாயும் வியாழனும் இரண்டு தென்னைமரமாக நின்றன.

அதைப் பார்த்து எனக்குப் புல்லரித்தது. அன்றிரவு உட்கார்ந்து முடிவுரை எழுதினேன். செவ்வாயும் வியாழனும் யாரோ களவாக ஒரு பெரிய இயந்திரத்தை ஓட்டுகிறார்கள். என் சந்தேகம் இறப்பர் பெக்டரி மேல். முத்துக்குமாருடைய சந்தேகம் செவ்வாய்க்கிழமை மேல், அது ஆகாத நாளாம். வியாழனுக்கு அவனிடம் விளக்கம் இல்லை. அந்த இரண்டு நாளும் நாங்கள் எங்கே உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தோம் என்பது, வகுப்பில் முதலாம் பிள்ளையான எனக்குத் தோன்றவே இல்லை. நாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற நேரம் பார்த்துக் கரண்ட் போகிறதே என்று எத்தனையோ தரம் சாமியைத் திட்டியிருக்கிறேன். திட்டியும் தோன்றவில்லை.

பார்க்க வந்த நாள் ஒரு வியாழக்கிழமை. வலயத்திலிருந்து ஒரு தமிழ் மிஸ்ஸும் ஒரு சிங்கள ஐயாவும் வந்தார்கள். அதிபர் கோட் போட்டிருந்தார். அறைக்குள் இடம் இல்லாததால் பெற்றோரை வெளியே நிற்கவைத்து, பார்ப்பதற்காக ஜன்னல் சாக்கை ஓரத்தில் கொஞ்சம் விலக்கிவிட்டிருந்தார்கள். அம்மா குளிக்காமல், மலையிலிருந்து நேராக வந்து முன்னால் நின்றார். கரண்டை நம்ப முடியாது என்பதால் முத்துக்குமார் அதே வரைபடத்தைப் பெரிய தாளில் கலரில் வரைந்து சுவரில் மாட்டியிருந்தான். விருந்தாளிகளுக்காக அதிபர் ஏசியை முழுக்கத் திருகிவிட்டார். ஐயா சால்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டார்.

நான் பேசினேன். தண்ணீர் பொங்கினதுபோலப் பேசினேன் என்றுதான் எனக்கு ஞாபகம். பாடமாக்கியிருந்தேன், சும்மாவா. மிஸ் கவனமாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் உங்கள் முடிவு என்ன மகள் என்றார்.

"செவ்வாயும் வியாழனும் பின்னேரத்துல யாரோ பெரிய மெஷின் ஒன்ன போடுறாங்க மிஸ். அவங்களாலதான் முழுத் தோட்டமும் தண்ணியில்லாம கஷ்டப்படுது. அவங்கள கண்டுபிடிச்சி நிப்பாட்டணும்."

வெளியே பெண்கள் கைதட்டினார்கள். அம்மாவின் கைதட்டல் தனியாகக் கேட்டது.

மிஸ் வரைபடத்தைப் பார்த்தார். கழுத்தைத் திருப்பி, உறுமிக்கொண்டிருந்த ஏசியைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"செவ்வாயும் வியாழனும் பின்னேரம் இந்தப் பாடசாலையில என்ன நடக்கும் மகள்?"

"கம்ப்யூட்டர் வகுப்பு மிஸ்" என்று எல்லோருக்கும் முந்திக்கொண்டு சொன்னேன். பதில் தெரிந்த கேள்வி ஆயிற்றே, விடுவேனா.

குணா சேர் நெற்றியில் கைவைத்தார். அதிபர் கூரையைப் பார்த்தார். நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். முத்துக்குமார் என் காலை மிதித்தபோதுதான் சிரிப்பு நின்றது. மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பம்ப் எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்றார். மூன்று மணிக்கு என்றேன். கீழே கிணற்றடியில் பம்ப் ஒருமுறை உறுமியது. ஏசி இழுத்து ஒரு மூச்சு விட்டது. திரை கறுத்து, விளக்கும் அணைந்தது.

"லைட் கியா" என்றார் சிங்கள ஐயா இருட்டில். லைட் போய்விட்டது என்று அவர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

யாரோ வெளியிலிருந்து சாக்கை முழுக்க இழுத்துப் பிடுங்கினார்கள். வெளிச்சம் வந்தது. ஜன்னல் நிறைய பெண்களின் முகம், நடுவில் அம்மா.

"அப்ப நீதானாடி அது?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். இத்தனை மாதமாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவர் சபித்த கை என்னுடைய கைதான். அந்தக் கையில் அப்போதும் ஏசி அறையின் சாவி இருந்தது. பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று நின்றேன். பூமிக்கும் வேறு வேலை இருந்தது போல.

மிஸ் போகும்போது அதிபரிடம் சொன்னதைக் குணா சேர் எனக்குச் சொன்னார். பார்த்த பாடசாலைகளிலெல்லாம் பதிலை வைத்துக்கொண்டு கேள்வி தயாரித்திருந்தார்களாம். பதில் தெரியாமல் கேட்டு, கண்டுபிடித்து, அதையும் நேரிலே காட்டியது நாங்கள் மட்டும்தானாம். கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்தச் சந்தோஷம் லயத்துக்கு நடந்து போகிற வரைக்கும் இருந்தது.

லயத்துப் பைப்படியில் பெண்கள் கூட்டம் போட்டிருந்தார்கள். முத்துக்குமார் வரைந்த படத்தை யாரோ கழற்றிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் போய் விளக்கினேன். ஏசியும் பம்பும் ஒன்றாக ஓடினால்தான் தாங்காமல் பியூஸ் போகிறது, கம்ப்யூட்டர் இழுப்பது கொஞ்சம்தான், ஏசியைக் கழற்றினால் போதும் என்று கெஞ்சினேன். அம்மா அந்த இரண்டு தென்னைமரத்தையும் விரலால் தட்டினார்.

"இந்தப் படத்துல ஏசின்னு எங்க எழுதியிருக்கு? கம்ப்யூட்டர் வகுப்புன்னு நீயே உன் வாயால சொன்னியே."

நான் செய்த ஆய்வு, நான் சொன்ன முடிவு, அதை எப்படி மறுப்பேன்? படம் போட்டுக் காட்டினால் சனங்கள் நம்புவார்கள் என்று குணா சேர் கருத்தரங்கில் படித்து வந்தது உண்மைதான்.

மறுநாள் காலையில் பெண்கள் திரண்டு போய் அதிபரிடம் பேசினார்கள். பாடசாலைக்கு வருகிற பியூஸ் கட்டையைக் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்தார்கள். ஏசி இல்லாமல் கம்ப்யூட்டரை மட்டுமாவது ஓட்டுவோம் என்று குணா சேர் மன்றாடினார். அதிபர் ஒரே பிடியாக மறுத்தார், சூட்டில் அது நெருப்புப் பிடித்தால் யார் பொறுப்பு என்று. பாடசாலைக்குத் தனி லைன் வரும்வரை எல்லாவற்றையும் பூட்டி வைப்பது என்று முடிவானது. தனி லைன் வந்தபோது நான் சாதாரண தரம் எழுதி முடித்திருந்தேன்.

ஆக, கம்ப்யூட்டரை வென்றோம், அதைத் தொடக் கொடுத்துவைக்கவில்லை. வெள்ளைத் துணி போர்த்தி, பொட்டோடு, பூட்டிய அறைக்குள் அது இருந்தது. நான் தினமும் சாவித் துவாரத்தால் எட்டிப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போவேன். முத்துக்குமார் கலண்டர் அட்டையில் ஒரு விசைப்பலகை வரைந்து கொடுத்தான், எண்டருக்கு மட்டும் சிவப்புக் கலர். அதில் விரலை அழுத்தி அழுத்திப் பழகினேன். அட்டையில் எதுவும் அமுங்காது என்பதால் பலமாகக் குத்துவேன். இன்றைக்கும் நான் டைப் பண்ணினால் பக்கத்து மேசையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். பியூஸ் கட்டையை அம்மா சாமித்தட்டில், பிள்ளையாருக்குப் பின்னால் வைத்திருந்தார். விளக்கேற்றிக் கும்பிடும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கும்.

இப்போது நான் கேகாலைப் பக்கம் ஒரு பாடசாலையில் கம்ப்யூட்டர் படிப்பிக்கிறேன், உட்கார்ந்துதான். அம்மா மலை வேலையிலிருந்து நின்றுவிட்டு என்னோடு இருக்கிறார். வீட்டில் தண்ணீர்த் தாங்கி இருக்கிறது, பைப்பைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர். ஆனால் பிள்ளைகளின் ஆய்வு வினாக்களைத் திருத்த நான் லப்டொப்பை மேசையில் வைத்தால் போதும், குசினியில் பாத்திரச் சத்தம் கேட்கும். கரண்டை இழுக்காதும்மா, இது பட்டரியில் ஓடுகிறது என்று போன வாரமும் சொன்னேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். நீ அதத் தொறக்க முந்தி நான் ரெண்டு குடம் புடிச்சி வச்சிர்றேன்."

இரண்டு குடமும் நிரம்பிய பிறகு, இனி நீ போடு என்று உள்ளேயிருந்து குரல் வரும். அதற்குப் பிறகுதான் நான் மூடியைத் திறப்பேன்.